வளையலுக்குப் போட்ட கட்டு

அத்தியாயம் 14

"உனக்குப் பித்தப்பையில கல்லு இருக்குலே" என்றார் டாக்டர் சங்கரசுப்பிரமணியன், சொந்த மகனின் வயிற்றைப் பார்த்து.

குரலில் கவலை துளியும் இல்லை. தொலைந்துபோன சாவியைக் கண்டெடுத்தவரின் சந்தோஷம்தான் இருந்தது.

கட்டிலில் மல்லாந்து கிடந்த கணேஷ்ராம் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினான். வயிறு முழுக்க ஸ்கேனுக்குத் தடவிய ஜெல்லி வழிந்தது.

"கல்லா? எனக்கு வலியே கிடையாதேப்பா!"

"வலிக்காமலும் இருக்கும். இந்தா பாரு, எப்படி மின்னுதுன்னு!"

கறுப்பு வெள்ளைத் திரையில் ஏதோ ஒன்று மின்னத்தான் செய்தது. அவ்வளவுதான், பக்கத்தில் நின்ற ராஜராஜேஸ்வரி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள்.

"திருச்செந்தூர் முருகா! எம்பிள்ளை வயித்தைக் காப்பாத்து. மொட்டை போடுதேன்!"

"யாருக்கும்மா மொட்டை?"

"உனக்குத்தாம்லே. கல்லு எனக்கா இருக்கு?"

இவர்களுக்குப் பின்னால் சித்ரலேகா நின்றிருந்தாள். விடியற்காலையில் தலைக்குக் குளித்த ஈரத் துண்டைக் கைகளில் சுற்றி முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தாள். ஏழு மாத வயிற்றோடு அப்படி நிற்பதுதான் அவளுக்கு வசதி. திரையையே உற்றுப் பார்த்தாள். மாமனார் காட்டிய கல் மெதுவாக நெளிந்தது.

கல் நெளியாது. சித்ரலேகா கைகளில் சுற்றிய துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். போச்சு, இன்றைக்குக் களக்காடு போனமாதிரிதான்!

பதிமூன்று வாரமாக இந்தக் குடும்பத்தோடு பழகியவர்களுக்கு அவள் கலக்கம் புரியும். இன்றைக்குத்தான் வாசலில் வந்து நிற்பவர்களுக்காக ஒரு வார்த்தை.

பாளையங்கோட்டையில் கீழே நர்சிங் ஹோம், மேலே வீடு. சங்கரசுப்பிரமணியன் இடது கையை ஒரு வயிற்றின் மேல் வைத்தால் போதும், உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பது ஊர்ப்பேச்சு. 'எனக்குத் தெரியலை' என்று எந்த நோயாளியிடமும் அவர் சொன்னதில்லை என்பதும் ஊர்ப்பேச்சுதான். மெட்ராஸில் ஸ்கேன் படித்த சித்ரலேகா மருமகளாக வந்தாள். அவள் பின்னாலேயே, சக்கரம் வைத்து நோயாளியின் கட்டில் ஓரம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிற ஸ்கேன் மெஷினும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமையோடு வளைகாப்பு முடிந்துவிட்டது. புதன்கிழமையான இன்று அம்மா சண்முகசுந்தரி வந்து அவளைப் பிரசவத்துக்குக் களக்காட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். மெஷினை யார் பார்ப்பது? வெளியிலிருந்து ஆள் போடலாம் என்று கணேஷ்ராம் சொன்னபோது அப்பா எகிறிவிட்டார். "என் ஆஸ்பத்திரி வயித்தை வெளியாள் வந்து பாக்கவா? நானே படிச்சுக்கிடுதேன்." அப்படித்தான் மாமனார் மாணவரானார், மருமகள் வாத்தியாரானாள்.

'நீ போயிட்டு வாம்மா, நான் பாத்துக்கிடுதேன்' என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். போக மறுப்பவள் அவள்தான். வயிற்றின் மேல் வைத்து நகர்த்துகிற ப்ரோபில் என் கை படாமல் மாமா ஒரு முழு வயிற்றைப் பார்த்து முடித்தால்தான் காரில் ஏறுவேன் என்று அவளே அவளுக்குப் போட்டுக்கொண்ட நிபந்தனை.

காரணம் இல்லாமல் இல்லை. முந்தின வாரம் ஓர் அம்மாளின் வயிற்றில் பெரிய நீர்க்கட்டி இருப்பதாக மாமா சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள் அழுது ஓய்ந்த பிறகு, அந்த அம்மாள் பாத்ரூம் போய்விட்டு வந்து படுத்தாள். கட்டியைக் காணோம். நிறைந்திருந்த மூத்திரப்பையைத்தான் மாமா கட்டி என்றிருந்தார். அதற்காக அவர் அசந்தாரா? "பாத்தியா, என் மாத்திரை எப்படிக் கரைச்சுட்டுது!" என்றார்.

தப்பை நேராகச் சொல்லவும் வழியில்லை. "மாமா, அது ஈரல் இல்லை, கிட்னி" என்று முதல் நாள் சொன்னதற்கு அவர் சாயங்காலக் காப்பியைத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு ராஜராஜேஸ்வரி ஓர் ஏற்பாடு செய்தாள். "மாமனாரை மருமக திருத்தினா நல்லாயிருக்காது. நீ எங்கிட்டச் சொல்லு, நான் அவுககிட்டச் சொல்லுதேன்."

சித்ரலேகா சொல்வாள்: "அத்தை, மாமா கையைக் கொஞ்சம் சாய்ச்சா நல்லாத் தெரியும்."

அத்தை சொல்வாள்: "என்னங்க, உலக்கையைப் பிடிச்ச மாதிரில்லா பிடிச்சிருக்கிய! சாயுங்க. புள்ளைத்தாச்சி எம்புட்டு நேரம் நிப்பா?"

மருமகளின் ஒரு வரி, அத்தையின் வாய்க்குள் நுழைந்து வெளியே வரும்போது முப்பத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையின் வட்டியும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் திங்கட்கிழமையிலிருந்து ஓர் அதிசயம். மாமாவின் கை திருந்திவிட்டது. வழி மாறினாலும் தானே திரும்பி, சரியான இடத்தில் வந்து நின்றது. நேற்று கணேஷ்ராமின் வயிறு முழுவதையும் ஒரு தப்பு இல்லாமல் பார்த்து முடித்தார். அந்தச் சந்தோஷத்தில்தான் சித்ரலேகா ராத்திரியே பெட்டியைக் கட்டினாள்.

இன்று காலை ஒத்திகைக்காக இன்னொரு தடவை. அதில்தான் இந்தக் கல்!

"என்னங்க," என்றாள் சித்ரலேகா கணவனிடம், "காலையில என்ன சாப்பிட்டிய?"

"ஒண்ணும் சாப்பிடலையே."

"நிஜமா?"

மின்வாரியத்தில் உதவிப் பொறியாளரான கணேஷ்ராம் கூரையைப் பார்த்தான். அங்கே மின்விசிறியில் ஏதோ கோளாறு இருப்பதுபோல ரொம்ப நேரம் பார்த்தான்.

"தேங்கா சாதம்... ரெண்டு கரண்டி."

"ரெண்டு கரண்டியா?" ராஜராஜேஸ்வரி கையை இறக்கினாள். "வழியனுப்புததுக்குக் கிண்டி வச்ச சாதத்துல ஒரு பள்ளமே கிடந்துதே! பூனைன்னுல்லா நெனச்சேன்!"

"பின்ன என்னம்மா? தினம் வெறும் வயித்தோட மல்லாக்கக் கிடக்கேன். ஆபீஸ்ல லீவுக்கு என்ன காரணம் எழுத? அப்பா படிக்கதுக்குப் பாடப்புஸ்தகமா இருக்கேன்னா எழுத முடியும்?"

சித்ரலேகா அத்தையின் பக்கம் திரும்பினாள். "அத்தை, சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கிரும், திரையில தெரியாது. மாமா பாத்தது பக்கத்துக் குடலை. உள்ள காத்து இருக்கதுனால மின்னுது."

"கேட்டியளா?" என்றாள் ராஜராஜேஸ்வரி புருஷனிடம். "நீங்க கண்டுபிடிச்சது கல்லு இல்லையாம். நான் கிண்டுன தேங்கா சாதமாம்."

"அப்போ மொட்டை வேண்டாம்லா?" என்றான் கணேஷ்ராம் ஆவலாக.

"நேந்தது நேந்ததுதான்."

சங்கரசுப்பிரமணியனின் முகம் சிவந்தது. ப்ரோபை டொக்கென்று வைத்துவிட்டு மருமகளை நேராகப் பார்த்தார்.

"நீ ஏன்மா இன்னைக்கு வளையலை ஆட்டலை?"

எல்லோரும் சித்ரலேகாவின் கைகளைப் பார்த்தார்கள். அவள் மெதுவாக ஈரத் துண்டை உருவினாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளைகாப்புக் கண்ணாடி வளையல்கள். ஜலஜலவென்று கொட்டியது சத்தம்.

"வளையலா மாமா?"

"பின்ன?" அவர் நியாயம் கேட்கிற தோரணையில் நிமிர்ந்தார். "நான் சரியாப் போனா நீ அசைய மாட்ட. தப்பாப் போனா ப்ரோபைப் பிடுங்கணும்னு உனக்குக் கை துறுதுறுங்கும், வளையல் குலுங்கும். நான் உடனே திருப்பிருவேன். ஸ்டெதாஸ்கோப் வச்சே பழகின காது இது, விடுமா? இன்னைக்குச் சத்தமே வரலை. சரி, கல்லுதான்னு நெனச்சேன்."

சித்ரலேகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. நேற்று பாஸானது மாமா இல்லை, அவளுடைய வளையல்! அந்த வளையல் இன்றைக்கு அவளோடு களக்காட்டுக்கு வண்டியேறப் போகிறது.

"பித்தப்பை தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே மாமா?" ஏற்பாட்டை மறந்து நேராகவே கேட்டுவிட்டாள்.

"தெரியலைன்னு சொல்லுததுக்கா மெட்ராஸ்ல இருந்து மெஷின் வரவழைச்சேன்? மெஷின் இல்லாமலே சொல்லியிருப்பேனே!"

"கிழிச்சிய!" என்றாள் ராஜராஜேஸ்வரி. "கண்ணாடியை எங்கன வச்சியன்னு கேட்டாலே உங்களுக்குத் தெரியலைன்னு வாய் வராது. 'அது அங்கனதான் கிடக்கும்'பிய. நான் வீடு பூரா தேடணும்."

வாசலில் ஹாரன் கேட்டது.

வெள்ளை அம்பாசிடரிலிருந்து முதலில் ஒரு வாழைத்தார் இறங்கியது. பிறகு அதைப் பிடித்துக்கொண்டிருந்த டிரைவர் நூகு. அதன் பிறகு சண்முகசுந்தரி. களக்காட்டில் வாழைத்தோப்பைத் தனியாளாக நிர்வாகம் செய்கிற அவளுக்குக் கார் நிற்கும் முன்பே பேச்சு கிளம்பிவிடும்.

"ஏட்டி சித்ரா, இன்னும் சேலை மாத்தலையா? பன்னெண்டு மணிக்கு ராகுகாலம் பிறந்துரும்! மதினி, நல்லாருக்கியளா? அண்ணாச்சி எங்க? இந்தத் தார் ஆஸ்பத்திரிக்கு, இன்னொண்ணு வண்டிக்குள்ள இருக்கு, அது வீட்டுக்கு. எடுட்டி பெட்டியை!"

"அம்மா, இன்னைக்கு வர முடியுமான்னு..."

"என்னது?"

"மாமாவுக்குப் பாடம் இன்னும் முடியலை. நாளைக்கு..."

சண்முகசுந்தரி இடுப்பில் கைவைத்தாள். "நாளைக்கு வியாழன், தெக்கே சூலம். களக்காடு தெக்கதானே இருக்கு? வெள்ளிக்கிழமை வீட்டுப் பொண்ணை உங்க அத்தை வெளிய அனுப்புவாளா?"

"அனுப்ப மாட்டேன்" என்றாள் ராஜராஜேஸ்வரி.

"சனிக்கிழமை நல்ல காரியத்துக்கு யாரு கிளம்புவா? ஞாயித்துக்கிழமை உனக்கு எட்டாம் மாசம் பிறக்கு. எட்டுல கூட்டிட்டுப் போகக்கூடாது. அப்புறம் உன் பிரசவம் இங்கதான். நீ பெத்துக்கிட்டே ஸ்கேனும் பாக்கணும்."

சித்ரலேகாவின் கண்முன்னால் களக்காட்டு வீடு வந்து நின்றது. பகல் பத்து மணி வரை யாரும் எழுப்பாத தூக்கம். 'டாக்டரம்மா, ஒரு அவசரம்' என்று கதவைத் தட்டாத ராத்திரிகள். காலை நீட்டி உட்கார்ந்து, யாரோ பரிமாற, சுடச்சுடச் சாப்பாடு. இந்த மூன்றும் கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு வாய்த்ததில்லை.

"மதினி," என்றாள் சண்முகசுந்தரி சந்தேகத்தோடு, "அண்ணாச்சி அவ்வளவு மோசமாவா படிக்காக?"

"நல்லாத்தான் படிக்காக. பக்கத்துல விடை எழுதி வச்சிருக்கணும்" என்றாள் ராஜராஜேஸ்வரி.

அப்போதுதான் நர்ஸ் கெசியா ஓடிவந்தாள்.

"பெரிய டாக்டர்! கோபாலசமுத்திரத்துல இருந்து ஒரு பொண்ணு. நடவு வயல்ல மயங்கி விழுந்திருக்கா. வயித்து வலின்னு துடிக்கா. நாடி ரொம்ப வேகமாப் போகுது."

சங்கரசுப்பிரமணியன் புறப்பட்டுவிட்டார். ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு கணேஷ்ராம் பின்னால் ஓடினான். சட்டைக்குப் பொத்தான் போடவில்லை, ஜெல்லியும் துடைக்கவில்லை.

சித்ரலேகா ஒரு விநாடி நின்றாள். பிரசவம் வரைக்கும் இந்த வளையல்களைக் கழற்றக்கூடாது.

"கெசியா, துணிக்கட்டு எடுத்துட்டு வா. ரெண்டு கையிலயும் வளையலுக்கு மேல இறுக்கிச் சுத்து. ஒரு சத்தம் வரக்கூடாது."

அவள் வார்டுக்குள் நுழைந்தபோது, நோயாளியின் கணவன் தன் கவலையையும் மறந்து கேட்டான்: "டாக்டரம்மாவுக்கு ரெண்டு கையும் முறிஞ்சிட்டா?"

கட்டிலில் மாரிக்கண்ணு சுருண்டு கிடந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கணுக்காலில் வயல் சேறு காயவில்லை. உள்ளங்கை வெளுத்திருந்ததை சித்ரலேகா முதலில் கவனித்தாள். கெசியா குளுக்கோஸ் ஏற்ற ஆரம்பித்திருந்தாள்.

மாமாவின் இடது கை வழக்கம்போல வயிற்றின் மேல் போய் அமர்ந்தது. வலது பக்கம், கீழே.

"அப்பெண்டிக்ஸ்" என்றார்.

சித்ரலேகா மனதுக்குள் மட்டும் முடிவு செய்துகொண்டாள். திரையைப் பார்த்த பிறகும் மாமா இதையே சொன்னால், அந்த நொடியே ப்ரோபைப் பிடுங்கிவிடுவேன். நூகுவைத் திருப்பி அனுப்பிவிடுவேன். பிரசவம் இங்கேயே ஆனாலும் ஆகட்டும்.

அவர் ப்ரோபை வைத்தார். வலது பக்கம் கீழே தேடினார். இடது கை 'அப்பெண்டிக்ஸ்' என்ற இடத்தை விட்டு நகரவே இல்லை. திரையில் ஒன்றும் பிடிபடவில்லை. தலையை லேசாகப் பின்னால் சாய்த்தார், காதை இவள் பக்கம் கொடுத்து.

சத்தமே இல்லை.

இன்னும் கொஞ்சம் சாய்த்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். முழங்கை வரை வெள்ளைக் கட்டோடு, பொம்மை மாதிரி நின்றாள் மருமகள். இடையில் நின்று சேதி சொல்லும் ராஜராஜேஸ்வரியும் இல்லை. வாசலில் சம்பந்தியோடு ராகுகாலத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தாள்.

மாமா மறுபடி திரைக்குத் திரும்பினார்.

கை மேலே ஏறியது, மகனின் வயிற்றில் தினம் தினம் போன அதே பாதையில். ஈரல். அதற்குக் கீழே கிட்னி. அங்கே கை நின்றது.

ரொம்ப நேரம் நின்றது.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். வயிற்றின் மேல் இருந்த இடது கையை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கை அப்பெண்டிக்ஸுன்னு சொல்லிச்சு" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "ஆனா ஈரலுக்கும் கிட்னிக்கும் நடுவுல ஒரு கறுப்புக் கோடு ஓடுது. கணேசன் வயித்துல இந்தக் கோடு கிடையாது. எத்தனை தடவை பாத்திருக்கேன், கிடையாது. இது என்னன்னு..."

நிறுத்தினார். வார்டில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியலைம்மா. நீ பாரு."

ப்ரோபை, அதன் பிடி அவள் பக்கம் இருக்கும்படி, நீட்டினார்.

கட்டுப்போட்ட கையால் அதை வாங்கிய சித்ரலேகாவுக்கு விநாடியில் விளங்கிவிட்டது. அந்தக் கோடு ரத்தம். கீழே மூத்திரப்பைக்குப் பின்னால் இன்னும் நிறையத் தேங்கி நின்றது.

"மாரிக்கண்ணு, வீட்டுக்குத் தூரமாகி எவ்வளவு நாளாச்சு?"

"ஒண்ணரை மாசம் இருக்கும் டாக்டரம்மா" முனகினாள் அவள். "நடவு வேலையில ஞாபகமே இல்ல."

"கருக்குழாயில கரு தங்கி வெடிச்சிருக்கு மாமா. உள்ள ரத்தம் போயிக்கிட்டே இருக்கு."

அதற்கு மேல் சங்கரசுப்பிரமணியனை யாரும் வாத்தியார் வைத்துத் திருத்த வேண்டியிருக்கவில்லை. "கெசியா, தியேட்டரைத் தயார் பண்ணு! அடுத்த தெரு லேடி டாக்டருக்குப் போன் போடு, கையிலே இருக்க வேலையைப் போட்டுட்டு வரச் சொல்லு! மயக்க டாக்டர் எங்க? ரத்தம் வேணும், என்ன குரூப்?"

ஓ பாஸிட்டிவ். கணேஷ்ராமும் அதேதான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அப்பா கேட்டார்: "வெறும் வயிறாலே?"

"இல்லப்பா. தேங்கா சாதம்..."

"நல்ல காரியம் பண்ணின. ஏறிப் படு!"

காலையிலிருந்து இரண்டாவது தடவையாகக் கணேஷ்ராம் மல்லாந்தான்.

பதினொன்றரை தாண்டியபோது தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு லேடி டாக்டர் எட்டிப் பார்த்தாள். "ரத்தம் நின்னுட்டுது சார். பிழைச்சுக்கிடுவா. அப்பெண்டிக்ஸுன்னு காத்துக்கிட்டு இருந்திருந்தா..." மீதியைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

மாரிக்கண்ணுவின் கணவன் பெரிய டாக்டரின் காலில் விழப் போனான். அவர் அவனைத் தடுத்துப் பிடித்தபடி, மருமகள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"உன் கை ப்ரோபுல பட்டுட்டுதே. அப்போ நான் பெயில்தானா?"

"இல்ல மாமா. நேத்துதான் பெயில். இன்னைக்குப் பாஸ்."

அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிடிபட்டதும், காணாமல் போயிருந்த இறுமாப்பு பாதியாவது முகத்துக்குத் திரும்பி வந்தது.

வாசலில் சண்முகசுந்தரி கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்ரலேகா காரில் ஏறினாள். வழியனுப்பக் கிண்டிய எல்லாச் சாதத்தையும் ஏற்றியாயிற்று, தேங்காய் சாதம் மட்டும் பள்ளத்தோடு.

சங்கரசுப்பிரமணியன் ஜன்னல் பக்கம் வந்தார். மருமகளைப் பார்த்துக்கொண்டே மனைவியிடம் சொன்னார்: "பைய போகச் சொல்லு. நாங்குநேரி ரோடு குண்டும் குழியுமாக் கிடக்கு."

"ஏட்டி, உங்க மாமா பைய போகச் சொல்லுதாக" என்றாள் ராஜராஜேஸ்வரி. இந்த ஒரு தடவைதான் அவள் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு லேசாக முகம் சுளித்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை. நூகு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

சாயங்காலம். களக்காட்டு வீட்டில் சித்ரலேகா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கைக்கட்டைப் பிரித்தாயிற்று. அம்மா சுட்டுப்போட்ட அடை, தட்டில் மூன்றாவது. வாசலில் நூகு, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு பெட்டி டிக்கியிலேயே இருந்தது.

போன் அடித்தது.

"ஏட்டி, நீ என்னத்தைச் சொல்லிக்கொடுத்துட்டுப் போயிருக்க?" ராஜராஜேஸ்வரியின் குரல் களக்காடு முழுக்கக் கேட்டிருக்கும். "உங்க மாமா மத்தியானத்துல இருந்து வந்தவங்க எல்லார்ட்டயும் 'எனக்குத் தெரியலை'ங்காக! தலைவலின்னு வந்தவன்கிட்டக்கூட. அதுவும் என்னமோ பட்டம் வாங்கின மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொல்லுதாக. கெசியா ஓரமாப் போய்ச் சிரிக்கா."

சித்ரலேகா அடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வயிற்றுக்குள் குழந்தையும் ஓர் உதை விட்டது.

"உன் வீட்டுக்காரன் இனிமே படுக்க மாட்டேன்னுட்டான். ரத்தம் கொடுத்தவனாம். அதான் என்னைப் படுக்கச் சொன்னாக. எனக்கு விலாப் பக்கம் லேசா வலி இருக்குல்லா, வாயுன்னு சொல்லுவாகளே, அது. சரின்னு படுத்தேன்."

"மாமா என்ன சொன்னாக?"

"தெரியலைன்னுதான் சொன்னாக." அத்தையின் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா நெஞ்சை நிமித்திச் சொல்லலைட்டி. சிரிக்கவும் இல்ல. என் பக்கத்துலயே உக்காந்திருக்காக. இரு, போனைப் பிடுங்குதாக..."

கல்யாணமான இரண்டு வருஷத்தில் மாமா அவளோடு போனில் பேசுவது இதுதான் முதல் தடவை.

"சித்ரா. வலது கிட்னிக்கு மேல, ஈரலை ஒட்டி ஒரு உருண்டை. கறுப்பாவும் இல்ல, வெள்ளையாவும் இல்ல. பாத்ரூம் போயிட்டு வரச் சொல்லிப் பாத்துட்டேன். திருப்பிப் படுக்க வச்சும் பாத்துட்டேன். அப்படியேதான் இருக்கு. கணேசனுக்கு அந்த இடத்துல ஒண்ணும் கிடையாது."

சித்ரலேகாவின் கை, அங்கே இல்லாத ப்ரோபைப் பிடுங்கப் போவதுபோல முன்னால் நீண்டது. வளையல்கள் ஜலஜலவென்று குலுங்கின.

மறுமுனையில் மாமா கேட்டார், கெஞ்சுகிற குரலில்:

"வளையல் சத்தம் கேக்குதேம்மா. நான் தப்பாத்தானே பாத்திருக்கேன்?"

"இல்ல மாமா," என்றாள் அவள். "சரியாப் பாத்திருக்கிய."

ரிசீவரை வைத்துவிட்டு எழுந்தாள். அடுக்களையிலிருந்து நாலாவது அடையோடு வந்த சண்முகசுந்தரி, மகளின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"எங்கட்டி கிளம்புத? இன்னைக்குப் புதன்கிழமை. வடக்கே சூலம்!"

சித்ரலேகா வாசலை எட்டிவிட்டாள்.

"நூகு அண்ணாச்சி, அந்தப் பெட்டியை இறக்க வேண்டாம்."